மாமன் மடி

கரண்ட் போனதும் கிரைண்டர் கல் தானாகவே இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. உளுந்து பாதி அரைபட்டும் அரைபடாமலும் கிடந்தது. அந்த வருஷம் சின்னமனூரில் கரண்ட் போகாத சாயங்காலமே கிடையாது என்பதால் நான் ஒன்றும் அலுத்துக்கொள்ளவில்லை. கையைக் கழுவிவிட்டு மெழுகுவர்த்தியைத் தேடினேன். கிரைண்டர், ஹாலில் ஓடிய ஃபேன், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கியிருந்தன. அதனால்தான் என் வீட்டுக்காரர் ஹாலில் டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அவர் பாடம் நடத்தி நான் அதுவரை கேட்டதில்லை. அவர் பாடம் நடத்தும் நேரமும் நான் மாவு அரைக்கும் நேரமும் ஒன்றுதான்.

அவர் பெயர் சுந்தரலிங்கம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். அவரிடம் படித்தால் எவ்வளவு மக்குப் பிள்ளைக்கும் விளங்கிவிடும் என்று ஊரில் பேர். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக விட்டு ஒரு கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கார் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்துல போயி மரத்துல மோதுது. மோதி நிக்க எடுத்துக்கிட்டது பத்துல ஒரு நொடி. முன் சீட்டுல இருக்கவர் மடியில பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை இருக்கு. குழந்தை முன்னால போகாமப் பிடிச்சு நிறுத்த, அவர் கை எவ்வளவு விசை கொடுக்கணும்?"

தீப்பெட்டியை எடுத்தவள் குச்சியை உரசவில்லை. ஒரு பெண் பிள்ளை ஏதோ விடை சொன்னாள். அவர் சரி என்றார்.

"அதை எடையாச் சொல்லணும்னா கிட்டத்தட்ட நூத்தி எழுபது கிலோ. மூணு மூட்டை சிமெண்டுக்கு மேல. அதைக் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள பிடிச்சு நிறுத்தணும்."

"அப்பக் கெட்டியாப் பிடிச்சிருந்தாலும் முடியாதா சார்?"

"முடியாதும்மா. யாரு கையா இருந்தாலும் முடியாது. பெத்த தாயே பிடிச்சிருந்தாலும் முடியாது. காரு நின்னுரும், குழந்தை நிக்காது. எழுதிக்கங்க."

பின் சீட்டில் இருப்பவர்கள் தப்பித்துவிடுவார்களா என்று இன்னொருவன் கேட்டான். அவர்களும் அதே வேகத்தில் முன்னால் வருவார்கள், வந்து முன் சீட்டின் முதுகில் மோதுவார்கள், முன்னால் இருப்பவனுக்கு அடி இரண்டு பங்காகும் என்றார். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை, தொண்டையைச் செருமவில்லை. வருஷா வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. நான் இருட்டில் உளுந்து வாளியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பிள்ளை பத்துக் கிலோ இல்லை. ஒன்பதரை.

அவன் பெயர் சுருளிவேல். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அவனுக்கு முதல் மொட்டை எடுத்துக் காதுகுத்த, கடமலைக்குண்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்காரரின் குலசாமி கோயிலுக்குப் போனோம். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் மட்டும் அவர் புதிதாக வாங்கியிருந்த பழைய மாருதி காரில் வந்தோம். ஓட்டியது அவர். அவர் பக்கத்தில் என் தம்பி விஜயபாண்டி, அவன் மடியில் பிள்ளை. பின்னால் நானும் என் வீட்டுக்காரரின் அக்கா சங்கிலியம்மாளும். நாத்தனாரை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி என் தம்பி சீட்டுக்குப் பின்னால், நான் அவர் சீட்டுக்குப் பின்னால். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மொட்டைக்குப் புறப்படும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துவிட்டால், சாமி முன்னால் முடி இறக்கும் வரை மடி மாறக்கூடாது. மாமன்தான் தூக்க வேண்டும், மாமன்தான் உட்கார்த்தி வைக்க வேண்டும், அதுவும் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து வர வேண்டும். மாமனுக்கு அது மரியாதை. தேனி தாண்டியதும் பிள்ளை பாலுக்கு அழுதான். கொடுடா, நான் அமர்த்துகிறேன் என்று கையை நீட்டினேன். மதினி என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"செத்த நேரம் அழுதா ஒண்ணும் ஆயிராது. மடி மாறுனா சாமிக்கு ஆகாது."

என் மடியில் பொங்கல் வைக்க வாங்கிய வெண்கலப் பானை இருந்தது. புதுசு. கீழே வைத்தால் அழுக்காகிவிடும் என்று அதையும் மதினிதான் என் மடியில் வைத்திருந்தார். பிள்ளையைப் பிடிக்க வேண்டிய இரண்டு கையாலும் நான் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. வேன்காரர்கள் நமக்கு முன்னால் போய்விட்டார்களே என்ற அவசரத்தில் அவர் அதைத் தாண்ட வலது பக்கம் ஏறினார். எதிரே பஸ். இடது பக்கம் ஒடித்தார். அங்கே புளியமரம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சத்தம்கூட நினைவில் இல்லை. என் உதடு கிழிந்திருந்தது. மதினிக்கு முழங்கால். அவருக்குக் காறை எலும்பு. தம்பிக்கு இரண்டு கையும் நெஞ்செலும்பும். பிள்ளை காருக்குள் இல்லை.

அன்று ராத்திரியே தீர்ப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் முழங்காலில் கட்டோடு உட்கார்ந்து மதினி சொன்னார். மாமன்காரன் தன் உயிருக்குப் பயந்து கையை எடுத்து முன்னால் ஊன்றிவிட்டான், அதனால்தான் கை ஒடிந்தது, பிள்ளையைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு வாய் சொன்னது நாலு வாயாகி, எங்கள் அப்பா வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. என் அம்மா தன் மகனைப் பார்த்து, ஏலே, ஏன்டா விட்ட என்று கேட்டாள். அவன் இல்லையென்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

டியூஷன் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு மெழுகுவர்த்தியை ஏற்றி ஹாலில் கொண்டுபோய் வைத்தேன். அவர் விசிறிக்கொண்டிருந்தார். எங்கள் மகள் திரிஷா அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. மூன்றாம் வயதிலேயே குத்தியிருக்க வேண்டிய காது, மாமன் யார் என்கிற பேச்சில் தள்ளித் தள்ளிப் போய்விட்டது. விஜயபாண்டி வேண்டாம், என் ஒன்றுவிட்ட தம்பி பொன்னுராஜ் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று மதினி நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கணக்கு எத்தன வருஷமா நடத்துறீக?" என்றேன்.

விசிறி நின்றது. எந்தக் கணக்கு என்று அவர் கேட்கவில்லை. அந்த மட்டில் யோக்கியம்தான்.

"புக்குல இருக்கறது, ஹேமா."

"எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

பாப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆஸ்பத்திரியில கிடக்கும்போதே தெரியும்."

"மதினி அங்கன வராண்டாவுல உக்காந்து பேசுறப்பவா?"

"ம்."

எனக்குக் கத்தத் தோன்றவில்லை. இந்த மனிதரோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். பிள்ளை போன துக்கத்தில் அவர் பேச்சே குறைந்துபோனது என்று அக்கம்பக்கத்தில் பெருமை சொல்லியிருக்கிறேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா போனவன் வந்துருவானா?" என்றார். பிறகு அந்தப் பதில் அவருக்கே போதவில்லை போல. "அவன் விடலைன்னா அப்புறம் யாரு காரணம்னு கேப்பாக. அக்கா கேப்பாக. நீயும் கேப்ப. காரு ஓட்டுனது யாரு?"

இவ்வளவுதான். பாரத்தைத் தூக்கி யார் தலையிலாவது வைக்க வேண்டியிருந்தது, பக்கத்து சீட்டில் ஒரு தலை இருந்தது. நான் கேட்டிருப்பேனா என்று யோசித்தேன். கேட்டிருப்பேன். ஒரு வருஷம் கேட்டிருப்பேன், இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருப்பேன். அதன் பிறகு டிராக்டரையும் பஸ்ஸையும் மரத்தையும் சேர்த்துத் திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பேன். அவருக்கு அந்த இரண்டு வருஷத்தைத் தாங்க மனசில்லை. என் தம்பிக்குப் பத்து வருஷத்தைக் கொடுத்துவிட்டார்.

"பாப்பா காதுகுத்துக்கு என் தம்பிதான் வருவான். அவன் மடியிலதான் குத்தணும். அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால இந்தக் கணக்க நீங்க உங்க வாயால சொல்லணும். இல்லாட்டி நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

அவர் பாப்பாவுக்கு மறுபடி விசிறினார். பிறகு தலையை ஆட்டினார். "சொல்றேன். கோயில்ல வச்சுச் சொல்றேன்."

அந்த வாரமே ஓடைப்பட்டிக்குப் போனேன். தம்பி திராட்சைப் பந்தலுக்குள் நின்றுகொண்டிருந்தான். பந்தல் வேலை முழுக்கத் தலைக்கு மேல் கையைத் தூக்கிச் செய்கிற வேலை. அவனுக்கு வலது கை தோளுக்கு மேல் போகாது, முழங்கையும் முழுசாக நீளாது. நாலு பெண்கள் குலை வெட்டிக்கொண்டிருக்க, இவன் கீழே கூடை நகர்த்திக்கொண்டிருந்தான். சொந்தத் தோட்டத்திலேயே கூலியாள் மாதிரி இருந்தான். அவன் மகன் முத்துப்பாண்டி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அவனை அவன் அப்பா ஒரு நாளும் தூக்கியதில்லை என்று தம்பி பெண்டாட்டி என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். பிறந்த அன்று நர்ஸ் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டானாம்.

வரப்பில் உட்கார வைத்து எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். நூற்று எழுபது கிலோ, சிமெண்டு மூட்டை, கண்ணை மூடித் திறக்கிற நேரம். நான் சொல்லும்போது அது கணக்கு மாதிரியே இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. பிறகுதான் பானை நினைவுக்கு வந்தது. என் மடியில் இருந்த பானையும்தான் பறந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே போய் நசுங்கிக் கிடந்ததை யாரோ எடுத்துவந்து கொடுத்தார்கள். இன்னும் பரணில் அந்த நசுங்கலோடுதான் கிடக்கிறது. நான் ஏன் பானையை விட்டேன் என்று இந்தப் பத்து வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும்.

அவன் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

"எனக்கே நான் விட்டேன்னுதான்க்கா ஞாபகம் இருக்கு. முன்ன பின்ன ஒண்ணும் தெரியல. கை வெறுங்கையா இருந்துச்சு. அது மட்டுந்தான் தெரியும்."

"விடலடா. யாராலயும் முடியாதாம்."

"மச்சானே சொன்னாகளா?"

"சொன்னாக. கோயில்ல வச்சு எல்லாருக்கும் முன்னால சொல்றேன்னு சொல்லியிருக்காக."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தை அப்படி நான் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. "அவுக வாயால ஒரு தடவ சொல்லிட்டாப் போதும்க்கா" என்றான். அதன் பிறகு என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தவன், பாப்பாவுக்குத் தோடு எந்த மாடலில் எடுப்பது, பாவாடை என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

காதுகுத்தன்று வேன் பிடித்து அதே குலசாமி கோயிலுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் அந்த விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. வேனில் டிரைவர் பக்கத்திலும் உட்காராமல் பின்னால் ஒரு மூலையில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மரம் அங்கேயேதான் நிற்கிறது. நெடுஞ்சாலைக்காரர்கள் வெள்ளையும் கறுப்பும் பூசி ஒரு எண் எழுதியிருக்கிறார்கள். பட்டை உரிந்த இடத்தில் புதுப்பட்டை வீங்கி மூடிக்கொண்டிருக்கிறது. மதினி கையெடுத்துக் கும்பிட்டு, "என் தம்பி புள்ளையக் கொன்னுட்டானே பாவி" என்றார். அவர் பாவி என்றது மரத்தை இல்லை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில்தானே சொல்கிறேன் என்றார், கோயில் வரட்டும் என்று இருந்தேன்.

விஜயபாண்டி, பெண்டாட்டி பிள்ளையோடு முதல் பஸ்ஸிலேயே வந்து கோயில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். சீர்த்தட்டில் தோடு, பட்டுப்பாவாடை, வெற்றிலை பாக்கு, அவன் தோட்டத்துத் திராட்சை. என் வீட்டுக்காரர் பக்கத்துச் சனம் அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று. யாரும் வாங்க என்று சொல்லவில்லை. நான் போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை. பெற்றவள் பிடிவாதம் பிடித்துவிட்டாள், கெடுதல் வந்தால் அவளோடு போகட்டும் என்று முந்தின நாளே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஜமுக்காளத்தில் அவனை உட்கார வைத்தார்கள். திரிஷாவைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். அவளுக்கு அவனைத் தெரியாது, ஆனாலும் தோடு கொண்டுவந்த மாமா என்பதால் ஒட்டிக்கொண்டாள். அவன் இரண்டு கையையும் பக்கத்தில் ஜமுக்காளத்தின் மேல் ஊன்றிக்கொண்டான். பிள்ளையைத் தொடவில்லை. மடி மட்டும்தான் கொடுத்தான். வேர்த்துக் கொட்டியது. என் வீட்டுக்காரர் எதிரே நின்றார். அவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளையப் பிடிச்சுக்கங்க, தலைய ஆட்டிரும்" என்றார் காது குத்த வந்த ஆசாரி.

அவன் கை நகரவில்லை. அப்போதுதான் மதினி சொன்னார்.

"ஏய்யா விஜயபாண்டி, இந்தத் தடவையாச்சும் கெட்டியாப் பிடி."

பேச்சு நின்றது. எங்கே சிரிப்பது என்று தெரியாத யாரோ ஒருத்தர் சிரித்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இதைவிட நல்ல இடம் அவருக்கு யார் அமைத்துக் கொடுப்பார்கள்? வாத்தியார் பேசுவதற்கு வாகாக எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவர் பேசவில்லை. சரி, நான் தொடங்கிக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு அவன் விடல மதினி. என் மடியில ஒரு பானை இருந்துச்சே, நீங்கதான வச்சீக. ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிருந்தேன். அதுவும்தான் முன்னால போயி விழுந்துச்சு. என் கையால ஒரு பானைய நிறுத்த முடியல."

"பானையும் புள்ளையும் ஒண்ணாடி உனக்கு?"

இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அன்று முன்னால் வந்தது பானையும் பிள்ளையும் மட்டும் இல்லை, என் தம்பியின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கனத்த உடம்பு ஒன்றும் வந்தது, அது மோதித்தான் அந்த சீட்டே முன்னால் மடிந்து கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். மதினி முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். அதை நான் சொல்லவில்லை. அப்படி ஒரு பழி எவ்வளவு காலம் ஒருத்தரைத் தின்னும் என்று எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான் ஒருத்தன்.

"உங்க தம்பியக் கேளுங்க. பிள்ளைகளுக்குப் பாடமே நடத்துறாக. யாராலயும் பிடிக்க முடியாதுன்னு அவுகதான் சொன்னாக" என்றேன்.

மதினி திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். தம்பி பெண்டாட்டி முத்துப்பாண்டியை முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டாள், அவனும் கேட்கட்டும் என்பது போல.

"ஏன்டா சுந்தரம், நீ படிச்சவன். நீயே சொல்லு. கெட்டியாப் பிடிச்சிருந்தா நம்ம புள்ள நின்னுருக்குமா, நின்னுருக்காதா?"

அவர் தொண்டையைச் செருமினார். அன்று கரண்ட் இல்லாத சாயங்காலத்தில் செருமாத தொண்டை. அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தம்பியைப் பார்க்காமல் தன் வாட்சைப் பார்த்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா. நல்ல நேரம் போயிரும். ஆசாரி, நீங்க குத்துங்க."

விஜயபாண்டி இன்னும் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்துகொண்டான். ஜமுக்காளத்தில் ஊன்றியிருந்த கைகள் மெல்ல எழுந்தன. நீளாத வலது கையைப் பிள்ளையின் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்தான், அதன் மேல் இடது கையைப் போட்டான், விரல்களைக் கோத்தான். பட்டுப்பாவாடை கசங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினான். இறுக்கிக்கொண்டே போனான்.

"மாமா, வலிக்குது" என்று திரிஷா அழ ஆரம்பித்தாள். ஆசாரி அப்போதுதான் தங்கக் கம்பியை எடுத்து மஞ்சளில் தேய்த்துக்கொண்டிருந்தார்.